செண்பகத்தின் பெயரை டயரில் எழுதியவள்

காலையில் கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன், சேவியரின் போன் வந்தது. ராதாபுரத்துக்கு அந்தப் பக்கம் கடற்கரையில் வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவர் அவர். அந்த நேரத்தில் கடலில் இருக்க வேண்டியவர். "அண்ணாச்சி, அக்கா விடியக்காலம் போயிட்டா. நெஞ்சு வலிக்குன்னு சொன்னாளாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரல" என்றார். ஷட்டருக்கு அடியில் ஒருவர் குனிந்து, பெயிண்ட் பிரஷ் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. இல்லை என்று சொல்லி ஷட்டரை இறக்கிவிட்டேன்.

சேவியரின் அக்கா ஜெசிந்தாவைப் பற்றி நம் அடுத்த கூட்டத்தில் படிக்க ஏதாவது எழுதிக் கொடும்வே என்று நீங்கள் கேட்டீர்கள். பழைய கார் வைத்துக்கொண்டு வீட்டில் திட்டு வாங்குகிற நம் கூட்டத்தில் அவளைத் தெரியாதவர் யாரும் இல்லை. ஆனாலும் வீட்டுக்காரர்களும் பிள்ளைகளும் வருவார்கள் என்பதால் எல்லாவற்றையும் முதலிலிருந்தே சொல்கிறேன். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், யாரோ ஒரு அதிகாரியைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. என்னைவிட வயதில் இளையவள், என்னோடு விடாமல் சண்டை போட்டவள். 'அவள்' என்றே எழுதுகிறேன். வருத்தப்படுகிறவர்கள் படலாம்.

பாளையங்கோட்டையில் என்னுடையது பெயிண்ட் கடை. ஒரு நாள் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்ட ஒரு பெண் வந்து, "அண்ணாச்சி, ரப்பர்ல நிக்கிற வெள்ளை வேணும்" என்றாள். நான் நல்ல எனாமல் டப்பா ஒன்றை எடுத்து வைத்து, "எம்மா, இது இரும்பையே விடாது, ரப்பரையா விட்டுரும்?" என்றேன். அடுத்த வாரம் அதே பெண் ஒரு பழைய ட்யூப் துண்டோடு வந்தாள். அதில் என் எனாமல் வழவழவென்று பூசியிருந்தது. நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துண்டை மடக்கினாள். வெள்ளை பொரிந்து என் மேஜைக் கண்ணாடியின் மேல் கொட்டியது. "இரும்பு சும்மா நிக்கும் அண்ணாச்சி. ரப்பர் மூச்சு விடும். அது கூடவே மூச்சு விடுற பெயிண்டு எது, சொல்லுங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கிடைத்த வெள்ளையை எல்லாம் வரவழைத்தேன். ஒவ்வொன்றையும் ட்யூப் துண்டில் பூசிக்கொண்டு வந்து என் மேஜை மேலேயே மடக்கிக் காட்டிவிட்டுப் போனாள். கடைசியில் இரண்டு பெயிண்டுகளைக் கலந்து அவளே ஒன்றை உண்டாக்கினாள். அது எப்படி மடக்கினாலும் உதிரவில்லை. எதோடு எதைக் கலந்தாள் என்பதைப் பெயிண்ட் விற்ற எனக்கே அவள் சொல்லவில்லை. கேட்டால், "அதச் சொல்லிட்டா உங்க கடைக்கு நான் எதுக்கு?" என்பாள்.

வார நாட்களில் அவளுக்கு ஒரு அரசு அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை. தாமிரபரணியிலிருந்து பிரிகிற வாய்க்கால்கள், மதகுகள் எல்லாம் அவள் பேனாவுக்கு அடியில் ஒரு தடவையாவது ஓடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கணபதியின் டயர் கடைக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவாள். கோயிலுக்குக் கட்டிய சேலைக்கு மேல் தம்பி சேவியரின் பழைய சட்டை. கையில் டிபன் டப்பா, அதற்குள் பிரஷ்கள். பழைய காரின் டயர்களில் பக்கவாட்டில் எழுத்துகள் புடைத்து நிற்கும் அல்லவா, அவற்றின் மேல் மட்டும் வெள்ளை தீட்டுவது அவள் வேலை. கறுப்பாக, ஏனோதானோவென்று கிடக்கும் சக்கரம் அந்த வெள்ளை ஏறியதும் வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி ஆகிவிடும்.

டயரைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் தொட மாட்டாள். காரில் மாட்டி, காற்று முழுக்க நிரப்பி, வண்டியின் பாரம் அதன் மேல் இறங்கியிருக்க வேண்டும். முதலில் சோப்புப் போட்டுத் தேய்ப்பாள், பிறகு தின்னர். வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்து, கைக்குட்டையில் கறை ஏறாத வரைக்கும் பிரஷைத் தொட மாட்டாள். பிறகு மணைப்பலகையைப் போட்டுச் சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்து, மேலே நிற்கிற எழுத்துக்கு மட்டும் மெல்லிசாக ஒரு பூச்சு. அது காய்ந்ததும் காரை உருட்டச் சொல்வாள். அந்த எழுத்து கீழே வந்து, பாரத்தில் ரப்பர் பிதுங்குகிற இடத்தில் நிற்கும்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாள். மயிரிழை அளவு வெடிப்பு தெரிந்தால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பம். கார் தள்ளுகிற வேலை பெரும்பாலும் எனக்கு. "ஒரு சாண் போதும் அண்ணாச்சி. சாண்னா சாண், முழமில்ல" என்று கீழேயிருந்து அதட்டுவாள்.

மதுரைக்காரர் ஒருவர் அப்பா காலத்துப் பெரிய கார் ஒன்றைக் கொண்டுவந்த நாள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அந்த டயர் இப்போது எங்கும் கிடைக்காது. மூன்று சக்கரங்களில் எழுத்து இருந்தது. நான்காவதில் தேய்ந்து, நடுவில் பாதி எழுத்துகளைக் காணோம். ஒட்டுகிற எழுத்து வாங்கி ஒட்டிவிடலாமா என்று அவர் கேட்டார். ஜெசிந்தா மணைப்பலகையை அந்தச் சக்கரத்துக்கு எதிரே இழுத்துப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மோதிர விரலை அந்த மொட்டை ரப்பரின் மேல் பைய ஓட்டினாள். ஓரிடத்தில் நிற்பாள், திரும்ப வருவாள், மறுபடி போவாள். பிறகு கண்ணைத் திறந்து, எங்கள் யார் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாத இடத்தில் வெள்ளையை வைக்க ஆரம்பித்தாள். கோடு இழுக்கவில்லை, டேப் ஒட்டவில்லை. மதியத்துக்குள் அங்கே எழுத்துகள் நின்றன. பக்கத்துச் சக்கரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். எது பழையது, எது அவள் எழுதியது என்று சொல்ல முடியவில்லை.

மதுரைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு டயருக்கு முன்னால் நின்றார். எனக்கும் கழற்ற வேண்டும்போல்தான் இருந்தது. ஜெசிந்தா மட்டும் சாதாரணமாகப் பிரஷைக் கழுவிக்கொண்டே, "நெல்லையில இப்படி ஒரு கை வேற கிடையாது. பாத்துட்டிய இல்லையா? சீனி கூடுதலாப் போட்டு ஒரு டீ வாங்கிக் குடுங்க" என்றாள். அடக்கம் அவளுக்கு வராத ஒன்று. வந்திருந்தால்தான் எங்களுக்குத் தாங்கியிருக்காது.

கணபதி செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். சொல்லிக்கொள்ள அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். சேரன்மகாதேவியில் ஆற்றங்கரைப் பக்கம் நாம் கார்களை வரிசையாக நிறுத்திய அன்று, எல்லோருக்கும் முன்னால் வந்த கணபதி, வண்டிகள் ஜோராக இருக்கட்டும் என்று ஒவ்வொரு டயருக்கும் பாலிஷ் போட்டுவிட்டார். எழுத்துகளின் மேலும் சேர்த்துத்தான். டயர் கடைக்காரரைத் தவிர வேறு யாருக்கும் இந்த ஆசை வராது. கறுப்பு மினுமினுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். வெயில் ஏற ஏற, ஜெசிந்தா மாதக்கணக்கில் எழுதிய வெள்ளை எல்லாம் டீ நிறத்துக்கு வந்தது. கணபதி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஜெசிந்தா பஸ்ஸில் வந்து இறங்கினாள். நாங்கள் எல்லோரும் வயலைப் பார்த்தோம், ஆற்றைப் பார்த்தோம், அவளைப் பார்க்கவில்லை.

அவள் ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டே போனாள். பிறகு படித்துறையில் உட்கார்ந்து கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு, "அழுக்கு பட்டா கழுவிரலாம் கணபதி. அழகு படுத்திட்டாத்தான் கழுவ நேரம் எடுக்கும். எந்திரிங்க, வாளியில தண்ணி மொண்டுட்டு வாங்க" என்றாள். அதோடு சரி. ஒரு சொல் கூட ஏசவில்லை. அன்று பொழுது சாயும்வரை அத்தனை பேரும் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்தோம். கணபதி கடையில் இன்றுவரை பாலிஷ் டப்பா பரண் மேல்தான் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது என் வீட்டு விஷயம். என்னுடைய அம்பாசிடரை ஓட்டியது நானில்லை, என் மனைவி செண்பகம். சேரன்மகாதேவியில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற கியரைத் தட்டித் தட்டி அவள் ஓட்டிப் போவதைப் பார்க்க ஊரே நிற்கும். எனக்கும் லைசென்ஸ் உண்டு. ஆனால் இடது பக்கம் உட்கார்ந்து, "மாடு வருது, மாடு வருது" என்று கத்துவதுதான் என் வேலையாக இருந்தது. "மாட்டுக்கும் கண்ணு இருக்கு" என்பாள். மூன்று வருடங்களுக்கு முன்னால் அவள் காலமானாள். கார் வாசலில் தூசி படிந்து நின்றது. அதைப் பார்க்கவும் முடியவில்லை, விற்கவும் முடியவில்லை.

ஒரு நாள் எனக்கு ஒன்று தோன்றியது. இந்தச் சக்கரங்களை ஓட வைத்தவள் அவள்தானே. அவள் பெயரை அவற்றிலேயே எழுதிவிட்டால் என்ன? பிறகு ஒரு சாயங்காலம் கடைக்கு வந்த ஜெசிந்தாவிடம், "நாலு டயர்லயும் செண்பகம்னு எழுதணும்மா" என்றேன். எவ்வளவு நாள் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன் என்று எனக்குத்தான் தெரியும்.

"எழுத மாட்டேன் அண்ணாச்சி" என்றாள்.

"ஏன்?"

"யாரு பேரையும் டயர்ல எழுத மாட்டேன். வண்டிக்குச் சக்கரம் காலு மாதிரி. காலுல போயி அக்கா பேர எழுதுவாங்களா?"

"கம்பெனிக்காரன் பேர மட்டும் எழுதுத?"

"அது அவனே வார்த்து விட்டது. ஊர் ரோடெல்லாம் அவன் பேரு உருளணும்னு அவனுக்கே ஆசை. அக்காவுக்கு அந்த ஆசை உண்டா? எங்க ஊர்ல வள்ளத்துக்குப் பேரு அணியத்துல எழுதுவோம். முன்பக்கம், உசரத்துல. மிதிக்கிற இடத்துல எழுத மாட்டோம்."

நான் கத்தினேன். என் மனைவி, என் வண்டி, என் பெயிண்ட், நீ யார் சொல்ல என்று கேட்டேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் நான் வேப்பமரத்தடிக்குப் போகவில்லை. அவளும் கடைப் பக்கம் வரவில்லை. வேறு யாரையாவது வைத்து எழுதிவிடலாம்தான். ஆனால் அவள் கையைப் பார்த்த பிறகு வேறொரு கையை அந்தப் பெயருக்குப் பக்கத்தில் விட எனக்கு மனசு வரவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், குடை சொட்டச் சொட்டக் கடைக்குள் வந்து நின்றாள். வந்ததும் வராததுமாக, "அண்ணாச்சி, உங்க வண்டியில ஸ்டெப்னி எங்கன கிடக்கு?" என்றாள்.

"டிக்கியிலதான். எதுக்கு?"

"ரோட்டுல காலு வைக்காத சக்கரம் அது ஒண்ணுதானே? அதுல எழுதுதேன். எங்க போனாலும் அக்கா உங்க கூடவே வருவா. மண்ணு படாது, யாரு மிதியும் படாது." குடையை மடக்கி ஓரமாகச் சாய்த்து வைத்தாள். "இத்தன நாளா இதத்தான் யோசிச்சிட்டு இருந்தேன். உங்ககிட்ட கோவிச்சுக்கிட்டு வராம இருக்கேன்னா நினைச்சிய?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். பையனை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னேன், சீனி கூடுதலாக.

புடைப்பு எழுத்து இல்லாத வழுவழுப்பான டயர் ஒன்றைக் கணபதி தேடி எடுத்துக் கொடுத்தார். ஸ்டெப்னிதானே, தரையில் படுக்கப்போட்டு எழுதிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ அதைக் காரில் மாட்டச் சொன்னாள், பின்பக்கம் இடது சக்கரத்தின் இடத்தில். ஜாக்கியை இறக்குவதற்கு முன்னால், சலவை செய்த வேட்டி ஒன்றை மடித்துச் சக்கரத்துக்கு அடியில் நீளமாக விரித்தாள். வண்டியின் பாரம் மொத்தமும் அந்த வேட்டியின் மேல் இறங்கியது. போதாது என்று கணபதியையும் என்னையும் பின்சீட்டில் ஏறி உட்காரச் சொல்லிவிட்டு, கீழே குனிந்து டயர் எவ்வளவு பிதுங்குகிறது என்று விரல் வைத்து அளந்து பார்த்தாள்.

"டிக்கிக்குள்ள கிடக்கப் போறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பாடு? இது என்னைக்கும் ஓடப் போறதில்லையே" என்றேன்.

"ஓடாதுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எழுத்துக்குத் தெரியாதே அண்ணாச்சி" என்றாள்.

எழுத ஆரம்பித்தபோது பெயரை இரும்பு வட்டத்தை ஒட்டி உள்ளே தள்ளி வைத்தாள். வெளிவிளிம்புப் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் கறுப்பு. எனக்குப் பொறுக்கவில்லை. "இடம் சும்மாத்தானே கிடக்கு, வெளிய இழுத்துப் பெருசா எழுதும்மா" என்றேன். "தண்ணி மட்டத்துக்கு இடம் விடணும்லா" என்று முணுமுணுத்தாள். வாய்க்கால் படம் வரைந்த ஞாபகத்தில் ஏதோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். செ என்ற எழுத்தின் கொம்பு வளைந்து இறங்கியது. இரண்டு மெய்யெழுத்துக்கும் புள்ளி வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். எழுதி முடித்ததும் வேட்டியின் மேலேயே காரைச் சாண் சாணாக உருட்டி, ஒவ்வொரு எழுத்தும் கீழே வரும்போது பார்த்தாள். பிறகு கழற்றித் துடைத்து டிக்கிக்குள் வைத்தோம். நான் டிக்கியை மூடவே இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமில்லாமல் அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன்.

அதன் பிறகு அந்தக் காரை நான் ஓட்டத் தொடங்கினேன்.

இப்போது கடைசி நாளுக்கு வருகிறேன். அவளை ஊருக்குக் கொண்டுபோன வண்டிக்குப் பின்னால், அவள் எழுதிய கார்கள் எல்லாம் வரிசையாகப் போக வேண்டும் என்று நாம் பேசிக்கொண்டோம். நீங்கள் எல்லோரும் போய்விட்டீர்கள். என் வண்டி மட்டும் பாட்டரி இறங்கிப்போய் எழுந்திருக்கவில்லை. கணபதி வேறு பாட்டரி கொண்டுவந்து போட்டு, நாங்கள் இருவரும் பாளையங்கோட்டையை விட்டுக் கிளம்பும்போதே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வள்ளியூரைத் தாண்டி ராதாபுரம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கையில் வண்டி இடது பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால், பின்சக்கரம் தரையோடு அமர்ந்திருந்தது. கணபதி அதிலிருந்து உடைமுள் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். இரண்டு பக்கமும் பனைகள்தான். ஒரு கடை இல்லை.

கணபதி பழக்கத்தில் டிக்கியைத் திறந்தார். திறந்தவர் கையை எடுத்துக்கொண்டார். "அண்ணாச்சி, நீரு சொல்லும்" என்றார்.

"வேற வழி?"

"ட்யூபக் கழத்திட்டு ராதாபுரத்துக்குப் போயி ஒட்டிட்டு வரணும். போக வர வண்டி கிடைக்கணும். சாயங்காலம் ஆயிரும்வே."

அதற்குள் சேவியர் கூப்பிட்டார். "எங்க வாரிய அண்ணாச்சி? கோயில்ல பூசை தொடங்கப் போவுது. முடிஞ்சதும் அடக்கம்தான். எல்லா வண்டியும் வந்துட்டு. அக்கா எழுதுனதுல உங்க வண்டி ஒண்ணுதான் பாக்கி."

கை காட்டிய லாரி நிற்காமல் போனது. நான் டிக்கிக்கு முன்னால் நின்றேன். வெள்ளை, அன்று எழுதிய மாதிரியே இருந்தது. ஒருத்தியைப் போய்ப் பார்க்க இன்னொருத்தியைத் தரையில் இறக்க வேண்டும். அதுவும் இறக்கக் கூடாது என்று என்னோடு சண்டை போட்டவளைப் பார்க்கத்தான். எனக்கு ஜெசிந்தா மேல் கோபமாக வந்தது. இதைக் கேட்பதற்குக்கூட அவள் இல்லாமல் போய்விட்டாள் என்ற கோபம். செண்பகமாக இருந்தால் என்ன சொல்வாள் என்று யோசித்தேன். அதற்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வண்டியை ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு நின்றால் அவளுக்குப் பிடிக்காது.

"மாட்டும் கணபதி" என்றேன்.

தோளில் கிடந்த துண்டை உதறி, சக்கரம் இறங்குகிற இடத்தில் விரித்தேன். "பைய இறக்கும். பைய." பாரம் துண்டின் மேல் இறங்கியது. "நீரு ஓட்டும். நான் கொஞ்ச தூரம் நடந்து வாரேன்" என்றேன். கணபதி ஏறி உட்கார்ந்தார். கார் நகர்ந்தது. சக்கரம் துண்டை விட்டு இறங்கி ரோட்டில் ஏறியது. நான் அதன் பக்கத்திலேயே நடந்தேன். செண்பகம் மேலேயிருந்து சாய்ந்து, பக்கவாட்டில் இறங்கி, கீழே போனாள். கீழே, பாரத்தில் ரப்பர் பிதுங்குகிற இடத்தில், பெயர் கொஞ்சம் அகன்றது. வெடிக்கவில்லை. தரையைத் தொடவும் இல்லை. பெயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் அந்த இரண்டு விரல் கறுப்பு அப்படியே நின்றது. பெயர் திரும்ப மேலே ஏறி வந்தது. மறுபடி இறங்கியது, மறுபடி ஏறியது. டயரின் பக்கவாட்டு ரோட்டில் படாது என்பது யாருக்கும் தெரிந்த விஷயம்தான், எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் முதன்முதலாக அதைக் கண்ணால் பார்க்கிறேன் என்று தோன்றியது. பனைகளுக்கு நடுவே என் மனைவி மண் படாமல் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

கோயிலுக்கு முன்னால் ரோடு முடிந்து கடல் மணல். கார் மணலில் இறங்கியதும் பின்சக்கரங்கள் புதைந்தன. பூசை இன்னும் முடியவில்லை, பாட்டு கேட்டது. ஓடிவந்து என் கையைப் பிடித்த சேவியர், இடது சக்கரத்தைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டுக் குத்த வைத்து உட்கார்ந்தார். மணல் அந்தக் கறுப்பில் பாதி வரை ஏறி நின்றிருந்தது. பெயர் அதற்கு மேலே வெள்ளையாக இருந்தது. சேவியர் விரலால் மணலின் விளிம்பைத் தடவினார்.

"அணியத்துக்கு எழுதுற கணக்குல எழுதியிருக்கா அண்ணாச்சி. பாரம் ஏத்துனா வள்ளம் எவ்வளவு இறங்கும்னு பாத்துத்தான் நாங்க பேர எழுதுவோம். முழுப் பாரத்துலயும் பேரு நனையக் கூடாது. இது ஓடுறதுக்குன்னு எழுதுனதுலா."

நானும் கணபதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பின்சீட்டில் எங்களை உட்கார வைத்துவிட்டு அவள் கீழே குனிந்து விரல் வைத்து அளந்தது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. ஓடவே ஓடாது என்று என்னிடம் சொல்லிக்கொண்டு, ஓடுகிற நாளுக்காகவே அவள் எழுதியிருக்கிறாள். எந்த நாள் என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. தெரியாததற்காகவே அத்தனை ஏற்பாடு.

பெட்டிக்குள் அவள் கையைப் பார்த்தேன். விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தது. நக ஓரத்தில் வெள்ளை போகவில்லை, கழுவியவர்கள் போக்க முயன்றும் போகவில்லை என்று சேவியரின் மனைவி சொன்னாள். அது போகாது. அது என்ன கலவை என்று எனக்கே தெரியாது.

உடைமுள் தைத்த சக்கரத்தைக் கணபதி ஒட்டிக் கொடுத்துவிட்டார். அதுதான் இப்போது டிக்கியில் ஸ்டெப்னியாகக் கிடக்கிறது. செண்பகத்தை நான் திரும்ப உள்ளே வைக்கவில்லை. இடது பின்சக்கரத்தில், சேரன்மகாதேவி ரோட்டிலும் மார்க்கெட்டிலும் அவள் ஓடிக்கொண்டிருக்கிறாள். "ஸ்டெப்னியில ஜெசிந்தான்னு எழுதிருவோமா அண்ணாச்சி?" என்று கணபதி கேட்டார். வேண்டாம் என்றேன். எழுத வேண்டிய கை போய்விட்டது. அதுவுமில்லாமல், அவளுக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது.

வண்டி கழுவுகிற அன்று மற்றதை எல்லாம் பையன் கழுவுவான். செண்பகத்தின் பெயரைத் தாண்டி, வெளிவிளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஜெசிந்தா எதையும் எழுதாமல் விட்ட கறுப்பு இருக்கிறதே, அதை மட்டும் நான் துடைக்கிறேன்.